மலையா, கடலா, குளமா? பிளஸ் ஒன் பிள்ளைகளின் களமுகாமுக்கு இடம் தேடுபவர்களுக்கு

ஐப்பசி பிறந்து மழை ஒரு பாட்டம் கொட்டி முடித்ததும் எனக்குப் போன் வரத் தொடங்கிவிடும். பேசுவது பெரும்பாலும் உயிரியல் ஆசிரியர்கள். விளவங்கோடு பக்கத்து ஆள் என்றால் "சாரே" என்று ஆரம்பிப்பார், நாகர்கோவில் பக்கம் என்றால் "சார்". கேள்வி மட்டும் மாறாது. "பிள்ளைகள மூணு நாள் தங்க வெச்சு களப்பணி பண்ணலாம்னு ஹெச்.எம். சம்மதிச்சிட்டாங்க. எங்க கூட்டிட்டுப் போகலாம்? பேச்சிப்பாறையா, கன்னியாகுமரியா?"

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் வேலை பார்ப்பதால் வரும் தொல்லை இது. 1,700 சதுர கிலோமீட்டர்கூட இல்லாத பரப்புக்குள் மழைக்காடு, ரப்பர், வயல், குளம், ஆறு கடலில் சேரும் பொழிமுகம், உப்பளம், பாறைக் கடற்கரை, முள்காடு எல்லாம் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. எதையும் விட மனசு வராது. காலையில் காளிகேசம், மத்தியானம் தொட்டிப்பாலம், சாயங்காலம் முட்டம் என்று திட்டம் போட்டால் அது சுற்றுலா. வேனுக்குள் பிள்ளைகள் பாட்டுப் பாடியதுதான் மிஞ்சும். நான் மலையிலும் கடலோரத்திலும் குளக்கரையிலும் முகாம் நடத்தியிருக்கிறேன். மூன்று இடத்திலும் ஏதாவது ஒன்றில் அடி வாங்கியிருக்கிறேன். அந்தக் கணக்கில் எழுதுகிறேன்.

தங்குவது எதற்கு?

இடம் தேடும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. காடு பார்க்க, கடல் பார்க்க என்றால் ஒரு நாள் போதும். புளிச்சோறு கட்டிக்கொண்டு காலையில் போய், பொழுது சாயத் திரும்பிவிடலாம். இரவு தங்குவதால் கூடுதலாகக் கிடைப்பது இரண்டே இரண்டு. ஒன்று, பள்ளி நேரத்தில் கிடைக்காத பொழுதுகள்: அந்தி, நடுராத்திரி, விடியல். கொக்குகள் அடைய வருவதும், தவளை கத்துவதும், விட்டில்கள் விளக்கைச் சுற்றுவதும் அப்போதுதான். இன்னொன்று, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப அளக்க முடிவது. பிளஸ் டூ தாவரவியல் செய்முறையில் குவாட்ரட் என்ற சதுரச் சட்டத்தைத் தரையில் போட்டு, உள்ளே இருக்கும் செடிகளை எண்ணி, அடர்த்தியும் நிகழ்விரைவும் (எத்தனை சட்டங்களில் அந்தச் செடி தென்படுகிறது என்பது) கணக்கிடுகிறோம் இல்லையா? பள்ளி மைதானத்துப் புல்லில் அரை மணி நேரத்தில் முடித்து, போன வருட ஏட்டிலிருந்து எண்களை எடுத்து எழுதும் பிள்ளைகளும் உண்டு. அதே சட்டத்தைப் பத்து இடத்தில் போட்டு, பத்திலும் வேறு வேறு எண் வந்து, "ஏன் சார் இப்படி?" என்று ஒரு பிள்ளை தானாகக் கேட்பதற்குத்தான் மூன்று நாள்.

இதிலிருந்து என் முதல் அளவுகோல் பிறக்கிறது: படுக்கும் இடத்துக்கும் களத்துக்கும் நடை தூரமாக இருக்க வேண்டும். நடக்க முடியாவிட்டால் விடியல் போச்சு, ராத்திரி போச்சு; நாம் தங்கியதற்கே அர்த்தமில்லை.

இரண்டாவது, தொட்டு எண்ண அனுமதி உண்டா என்பது. மூன்றாவது, ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு இடங்கள் அருகருகே இருக்கின்றனவா. ஒன்றை மட்டும் அளந்தால் பட்டியல்தான் கிடைக்கும். நான்காவது கழிப்பறை. சிரிக்காதீர்கள், பெண்பிள்ளைகள் இருபது பேருக்கு இரண்டு கழிப்பறை என்றால் காலை ஐந்தரை மணிப் பறவைக் கணக்கு ஏழரைக்குத்தான் தொடங்கும். அப்புறம் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், தேதி ஒத்துவருமா, மொத்தச் செலவு என்ன என்பவை.

தேதியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூ பிள்ளைகளை மறந்துவிடுங்கள். டிசம்பர் முதல் அவர்களுக்குத் திருப்புதல் தேர்வு, செய்முறைத் தேர்வு என்று மூச்சுவிட நேரமிருக்காது. பிளஸ் ஒன் பிள்ளைகளை அரையாண்டு விடுமுறையில் கூட்டிப்போவதுதான் நடக்கிற காரியம். வலசைப் பறவைகள் இருக்கும் காலமும் அதுவே.

மலையடிவாரம்: பேச்சிப்பாறை, கீரிப்பாறை, காளிகேசம் பக்கம்

பிள்ளைகளிடம் ஓட்டெடுத்தால் இதுதான் ஜெயிக்கும். பெற்றோரும் "மலைக்கா? சரி, போய்ட்டு வா" என்று உடனே கையெழுத்துப் போடுவார்கள். கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம் 400 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல், அதாவது மாவட்டத்தில் ஏறக்குறைய கால் பங்கு. கருமந்தி, மலை அணில், யானை எல்லாம் இருக்கிற காடு. நாஞ்சில் நாட்டுப் பிள்ளைகள் பலர் அந்த மலையைத் தூரத்து நீலக்கோடாகத்தான் பார்த்திருப்பார்கள். முதல் தடவை உள்ளே போகும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

சிக்கல் 'சரணாலயம்' என்ற சொல்லில் இருக்கிறது. 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உள்ளே நுழைய அனுமதி வேண்டும். எதையும் பறிக்கவோ பிடிக்கவோ எடுத்துவரவோ கூடாது. அதில் எனக்குக் குறையில்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் நம் வேலைக்கு அதன் அர்த்தம் என்ன? இலைச்சருகை அள்ளிச் சலிக்க முடியாது. பொழுது சாய்ந்ததும் வெளியே வந்துவிட வேண்டும். ஆக, மலையில் தங்கியும் ராத்திரியும் விடியலும் நமக்குக் கிடையாது. அறைக்குள் உட்கார்ந்து அந்தாக்ஷரி பாட வேண்டியதுதான்.

எங்கள் முதல் மலை முகாமில் தங்கியது குலசேகரத்தில், ஒரு மண்டபத்தில். களத்துக்கு வேன். அனுமதிக் கடிதத்தில் ஒரு இடத்தின் பெயர் எழுதி வாங்கியிருந்தேன், நாங்கள் போய் நின்றது வேறு சோதனைச் சாவடியில். காவலர் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் விடவில்லை. அவர் செய்தது சரி. கடிதத்தைக் கவனமாக எழுதாதது என் தப்பு. நாற்பது பிள்ளைகளோடு இரண்டு மணி நேரம் ரோட்டோரம் நின்றோம். மறுநாள் மழை. மூன்று நாள் முடிந்து ஏட்டைப் புரட்டினால், உண்மையாகக் களத்தில் நின்றது ஒன்பது மணி நேரம்கூட வரவில்லை.

மறைந்திருக்கும் செலவுகள் இங்கேதான் அதிகம். மலைப்பாதைக்கு வேன் வாடகை கூடுதல், அதுவும் மூன்று நாளும் வண்டி கூடவே நிற்க வேண்டும். கோதையாறு பக்கம் மேலே போகப் போக செல்போன் சிக்னல் கிடையாது. பேச்சிப்பாறையிலிருந்து ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டை ஆபத்தில்லை, ஆனால் முதல் அட்டையைப் பார்த்த பிள்ளை போடும் கூச்சலில் பாதி நேரம் போய்விடும். கோடை பிறந்தால் காட்டுத்தீ பயத்தில் உள்ளே விடமாட்டார்கள். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் இந்த மலையில் பெய்வதால் நல்ல வெயிலோடு அமைவது டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரைதான்.

இவ்வளவையும் மீறி மலைப்பக்கம்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி சொல்கிறேன். காட்டுக்குள் போகாதீர்கள், காட்டுக்கு வெளியே நில்லுங்கள். திருவட்டாறு, குலசேகரம், அருமனை பக்கம் தனியார் ரப்பர் தோட்டம், பழைய வீட்டு விளை (வீட்டைச் சுற்றிய தோட்டம்), அதன் மூலையில் மிஞ்சியிருக்கும் சர்ப்பக்காவு (நாகத்தைக் கும்பிடும் சிறு தோப்பு) என்று மூன்றும் ஒரே ஊரில் கிடைக்கும். உரிமையாளர் சரி என்றால் போதும். காவுக்குள் குடும்பத்தார் அனுமதியோடு, செருப்பில்லாமல், ஓரமாக நின்று மரங்களை மட்டும் எண்ணுங்கள். சருகு அள்ளுவது ரப்பரிலும் விளையிலும் இருக்கட்டும்.

அந்த ஒப்பீடு அருமையாக வரும். ஒரு மீட்டர் சதுரச் சட்டம் ஒவ்வொரு இடத்திலும் பத்து. முளைத்து நிற்கும் கன்றுகள் எத்தனை வகை? காலை ஆறு மணிக்கும் மத்தியானம் இரண்டு மணிக்கும் மண்ணில் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் வெப்பம் என்ன? ஒரு படி சருகை அள்ளி, வாய் வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலில் கொசுவலைத் துண்டு வைத்துப் போட்டு, மேலே 40 வாட் குண்டு பல்பை எரியவிடுங்கள். சூட்டுக்குப் பயந்து பூச்சிகள் கீழே இறங்கும். விடியும்போது அடியில் வைத்த கிண்ணத்தில் எண்ணிவிடலாம். இளம் ரப்பரில் மூடுபயிராகப் போட்ட புரேரியா கொடி தரையை மூடிக் கிடக்கும், முற்றிய ரப்பரின் நிழலில் அது ஒடுங்கிவிடும். அதுவே ஒரு பாடம். டிசம்பர் கடைசி, ஜனவரி என்றால் ரப்பர் இலையுதிர்க்கும் நேரம், சருகுக்குப் பஞ்சமில்லை. விடியுமுன் நெற்றி விளக்கோடு பால்வெட்டுக்குப் போகிறவர்களிடம் பிள்ளைகளைப் பேசவிடுங்கள். எந்தப் பக்கம் பன்றி இறங்குகிறது, எங்கே பாம்பு கிடக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு நமக்குத் தெரியாது.

கடலோரம்: கன்னியாகுமரி, முட்டம், மணக்குடி

பாறைக் கடற்கரையில் பாடப்புத்தகம் அப்படியே விரிந்து கிடக்கும். மேலே காய்ந்த பாறை, அதற்குக் கீழே பாறையில் ஒட்டிக்கிடக்கும் ஓட்டுயிரியான கொட்டலசு, இன்னும் கீழே சிப்பி, பாசி என்று பட்டை பட்டையாக. கொல்லம் தொடங்கி கன்னியாகுமரி வரையான பாறைகளில் ஒட்டி வளரும் பழுப்புச் சிப்பியை எடுத்துப் பிழைக்கிறவர்கள் நம் கடற்கரையில் இருக்கிறார்கள். ஆனால் ஒரு விஷயத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். நம் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான உயரம் ஒரு மீட்டர்கூட வராது. வெளிநாட்டுக் காணொளிகளில் காட்டுவது மாதிரி கடல் அரை கிலோமீட்டர் பின்வாங்கிப் போய் நமக்காகக் காத்திருக்காது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கொஞ்சம் அதிகமாக வற்றும். அந்தக் குறுகலான பட்டைக்குள், அலை அடிக்கும் பாறையில், நாற்பது பிள்ளைகள் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்திருப்பதை நினைத்துப் பாருங்கள்.

எனக்கு அது சம்மதமில்லை. 2024 மே 6-ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் போனார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை ஏற்கெனவே வந்திருந்தது. தூரக் கடலில் எழும் நீண்ட அலை, இங்கே காற்றே இல்லாத தெளிந்த நாளில் திடீரென்று கரையேறும். அதனால்தான் அந்தப் பேர். ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் சேவை மையம் விடும் எச்சரிக்கையைப் பார்க்காமல் யாரும் பிள்ளைகளோடு பாறையில் இறங்க வேண்டாம். பார்த்த பிறகும், உள்ளூர் மீனவர் ஒருவர் கூட நின்று "இப்ப எறங்கலாம்" என்று சொன்னால் மட்டும், எட்டு எட்டுப் பேராக.

பொழிமுகம் வேறு கதை. பழையாறு கடலில் சேரும் மணக்குடியைத்தான் நான் கடலோரத்தில் முதல் இடமாகச் சொல்வேன். 2004 சுனாமியில் பாலத்தையே இழந்த ஊர். இன்று ஆற்றங்கரையில் அலையாத்தி மரங்கள் நிற்கின்றன. பொழிமுகத்திலிருந்து ஆற்றின் மேலே ஐந்து இடத்தில் தண்ணீர் எடுத்து உப்புத்தன்மை பார்த்தால் அழகான ஒரு சரிவுக்கோடு வரும். அதோடு அந்தந்த இடத்துச் செடி, நண்டு வளை, பறவை இவற்றைச் சேர்த்து வைத்தால் முழு ஆய்வு. மணல்திட்டு வாயை அடைத்திருக்கிறதா திறந்திருக்கிறதா என்பதைப் பொறுத்துக் கோடே மாறும். போகுமுன் ஊரில் கேட்டுவிட்டுப் போங்கள்.

இதில் எல்லோரும் விழும் ஒரு குழி உண்டு. நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும், கடையில் வாங்கும் சின்ன டி.டி.எஸ். மீட்டர் பொதுவாக 9,990 பி.பி.எம். வரைதான் காட்டும். கடல்நீர் 35,000 அளவில் இருக்கும். பொழிமுகத்தில் முக்கினால் மீட்டர் கைவிரித்துவிடும், பிள்ளைகள் 'மீட்டர் ரிப்பேர்' என்று எழுதுவார்கள். ஒன்று, காய்ச்சி வடித்த நீரில் பத்து மடங்கு கலந்து அளக்க வேண்டும். இல்லை, வேதியியல் ஆசிரியரைக் கையைக் காலைப் பிடித்துக் கூட்டிவந்து வெள்ளி நைட்ரேட்டில் தரம்பார்க்க (டைட்ரேஷன் செய்ய) வேண்டும். இரண்டாவதுதான் நல்லது. நமக்குத் துணைக்கு ஒரு பெரிய ஆளும் ஆயிற்று.

தங்குமிடத்தில் பெரிய மறைமுகச் செலவு ஐயப்ப சீசன். கார்த்திகை பிறந்து மகரவிளக்கு வரை கன்னியாகுமரி விடுதிகளில் இடம் கிடைப்பதே பாடு, வாடகையும் ஏறியிருக்கும். விவேகானந்தபுரத்தில் தங்குவதானால் மாதக்கணக்கில் முன்னதாகவே எழுதிக் கேளுங்கள். வளாகம் பெரியது, மயில் உண்டு, பிள்ளைகள் பத்திரம். ஆனால் மணக்குடிக்கு அங்கிருந்து வண்டியில்தான் போக வேண்டும். என் முதல் அளவுகோல் நினைவிருக்கிறதல்லவா? கீழமணக்குடி, மேலமணக்குடி பக்கம் பங்குத்தந்தையைப் பார்த்துப் பேசி, ஊர் மண்டபத்தில் இடம் கிடைத்தால் பொழிமுகம் காலடியில். கிறிஸ்துமஸ் வாரத்தில் மட்டும் கேட்காதீர்கள்.

குளக்கரை: தேரூர், சுசீந்திரம், வேம்பனூர்

"எங்க வீட்டுக்குப் பின்னாடியே குளம் கெடக்கே சார், அதப் பாக்கவா மூணு நாளு?" என்று ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. குளத்தின் மிகப் பெரிய குறையே அதுதான், யாருக்கும் அது ஒரு 'இடமாக'த் தெரிவதில்லை. சுசீந்திரம் தேரூர் ஈரநிலமும் வேம்பனூர் ஈரநிலமும் 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறின என்று சொன்னால் பெற்றோர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். முன்னது ஏறத்தாழ 94 ஹெக்டேர், பின்னது 20 ஹெக்டேர்கூட வராது. மத்திய ஆசியாவிலிருந்து பறந்து வரும் பறவைகளுக்கு இந்தியத் தரையில் கடைசி நிறுத்தங்களில் இவையும் சேரும்.

நாகர்கோவிலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர். ஏதாவது ஆனால் ஆஸ்பத்திரி பக்கம். தேரூரில் தங்கினால் குளம் நடை தூரம். கவிமணி பிறந்த ஊர் என்பதால் தமிழாசிரியரும் வர ஆசைப்படுவார். வரட்டும், ராத்திரி முறைக்கு ஆள் வேண்டும்.

அந்த ராத்திரி முறை என்ன என்று சொல்கிறேன், இந்த முகாமின் உயிரே அதுதான். குளத்து நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு நாள் முழுக்க அளப்பது. பகலில் பாசியும் நீர்ச்செடியும் ஒளிச்சேர்க்கையில் ஆக்சிஜன் விடுகின்றன; இருட்டியதும் விடுவது நின்று, எல்லா உயிரும் சேர்ந்து செலவழிப்பது மட்டும் நடக்கிறது. 28 டிகிரி வெப்பத்தில் நன்னீர் காற்றோடு சமநிலையில் வைத்திருக்கக்கூடியது லிட்டருக்கு ஏறத்தாழ 7.8 மில்லிகிராம். பாசி மிகுந்த குளம் பிற்பகலில் அதைத் தாண்டும், விடியுமுன் அதில் பாதிக்கும் கீழே இறங்கலாம். 'சுவாசம் இரவிலும் நடக்கிறது' என்று பத்தாம் வகுப்பிலிருந்து எழுதிவரும் பிள்ளை, மூன்று மணிக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு எடுத்த பாட்டிலிலும் ஆறு மணிப் பாட்டிலிலும் எண் இறங்கியிருப்பதைப் பார்க்கும்போது அந்த வரி வேறு மாதிரி ஆகிவிடுகிறது. கரைந்த ஆக்சிஜனை அளக்கும் விங்க்ளர் முறைக்கு வேண்டிய மாங்கனீஸ் சல்பேட், கார அயோடைடு, தயோசல்பேட் எல்லாம் பள்ளிக்கு வாங்கக்கூடியவைதான். தண்ணீர் எடுத்த இடத்திலேயே முதல் இரண்டு கரைசலை விட்டு நிலைப்படுத்திவிட்டால் தரம்பார்ப்பதை மண்டபத்து மேசையில் செய்யலாம். கந்தக அமிலம் விடுவது மட்டும் ஆசிரியர் கையால்.

மற்றவை தானாக அமையும். விடியலில் கரையில் மூன்று இடம் குறித்து, இடத்துக்குப் பத்து நிமிடம் பறவைக் கணக்கு: நாமக்கோழி, நீலத்தாழைக்கோழி, நீர்க்காகம், முக்குளிப்பான், மீசை ஆலா. தாமரை மூடிய பகுதி, திறந்த நீர்ப்பகுதி என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். தாமரை பரவினால் பறவைக்கு இடம் குறையுமா என்ற வாக்குவாதம் இந்தக் குளங்களில் உயிரோடு இருக்கிறது; தாமரைப் பூ விற்றுப் பிழைப்பவர்களும் பக்கத்திலேயே இருக்கிறார்கள், இரண்டு பக்கத்தையும் பிள்ளைகள் கேட்கட்டும். அந்தியில் கொக்கு அடைவதை எண்ணலாம். ராத்திரி மண்டபத்துக்குப் பின்னால் வெள்ளை வேட்டியைக் கட்டி விளக்கைப் போட்டால் விட்டில்கள் வந்து உட்காரும்.

நத்தை எண்ணுவதைக் குளத்தில் செய்யாதீர்கள், பக்கத்து ஏலாவில் (வயல்வெளியில்) விவசாயியிடம் கேட்டுக்கொண்டு வாய்க்காலில் செய்யுங்கள். நாற்பது நத்தைக்கு நகப்பாலிஷ் பொட்டு வைத்து விடுகிறோம். மறுநாள் ஐம்பது பிடிக்கிறோம், அதில் பத்துக்குப் பொட்டு இருக்கிறது. நாற்பதை ஐம்பதால் பெருக்கிப் பத்தால் வகுத்தால் அந்த வாய்க்கால் துண்டில் சுமார் 200. மறுநாள் மறுபடி போக முடிவதால்தான் இது நடக்கிறது. வண்டிக்காகக் காத்திருக்கும் முகாமில் இதை யோசிக்கவே முடியாது.

குறைகளும் இருக்கின்றன. தேரூர், சுசீந்திரம், மணக்குடி சேர்ந்த பகுதி காப்பு ஒதுக்ககமாக (கன்சர்வேஷன் ரிசர்வ்) அறிவிக்கப்பட்டது. அதனால் 'குளம்தானே' என்று அனுமதி இல்லாமல் போகாதீர்கள். தண்ணீர் எடுக்கப்போவதையும் சேர்த்தே மாவட்ட வன அலுவலருக்கு எழுதுங்கள். பிள்ளைகள் தண்ணீரில் இறங்கவே கூடாது. சேறு ஆழம், எலிக்காய்ச்சல் பயமும் உண்டு. பாட்டிலைக் கம்பில் கட்டி எடுங்கள். கொசு பிய்த்துவிடும். பதினோரு மணியிலிருந்து மூன்று மணி வரை குளத்தில் ஒன்றும் நடக்காது, பிள்ளைகள் செல்போனைத் தேடுவார்கள். அந்த நேரத்தில்தான் தரம்பார்ப்பதும் வரைபடம் போடுவதும்.

தங்குமிடத்துக்கு உள்ளூர்க் கணக்கு ஒன்று. மார்கழியில் கல்யாணம் கிடையாது, மண்டபம் சும்மா கிடக்கும். பேசினால் வாடகை இறங்கும். ஆனால் அதே மார்கழியில்தான் சுசீந்திரம் திருவிழா. பத்து நாளும் கூட்டம், ஒலிபெருக்கி, தேரன்று உள்ளூர் விடுமுறை. ஒரு வருடம் இதைப் பார்க்காமல் தேதி குறித்துவிட்டேன். விடியற்காலைப் பறவைக் கணக்கு முழுக்க நாதஸ்வரத்தோடு நடந்தது. பறவைகளுக்கு ஒன்றும் ஆனதாகத் தெரியவில்லை, பிள்ளைகளுக்குத்தான் எண்ணிக்கை தப்பியது.

ஒரே பார்வையில்

| | மலையடிவாரம் | கடலோரம் | குளக்கரை |
|---|---|---|---|
| நடந்து போகலாமா | காட்டுக்கு இல்லை. ரப்பர், விளைக்கு ஆம் | மணக்குடியிலேயே தங்கினால் ஆம் | ஆம் |
| இரவு, விடியல் வேலை | தோட்டத்தில் மட்டும் | குறைவு | நிறைய |
| தொட்டு எண்ணுதல் | காட்டில் கூடாது | கவனத்தோடு | ஏலாவில் தாராளம் |
| பெரிய ஆபத்து | யானை, பாம்பு, தூரம் | அலை | சேறு, நோய்க்கிருமி |
| எதிர்பாராத செலவு | வேன் | ஐயப்ப சீசன் வாடகை | ரசாயனம், கொசுவலை |
| தவிர்க்க வேண்டிய நாள் | மழை, கோடைத் தீக்காலம் | கள்ளக்கடல் எச்சரிக்கை, கிறிஸ்துமஸ் | சுசீந்திரம் தேர் |

மருந்துவாழ்மலையை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். நல்ல முள்காடு, மேற்குத்தொடர்ச்சியின் தெற்கு நுனி. ஆனால் தங்கிச் செய்ய அங்கே வேலையில்லை. குளக்கரை முகாமின் மூன்றாம் நாள் காலையில் ஏறி இறங்கலாம்.

தங்காமலே செய்தால்?

பெண்பிள்ளைகளை இரவு அனுப்ப வீட்டில் சம்மதிக்காத ஊர்கள் இருக்கின்றன. கூட வர ஆசிரியை கிடைக்காத பள்ளிகளும் உண்டு. அப்போது வற்புறுத்தாதீர்கள். பாதிப் பேர் மட்டும் வரும் முகாமைவிட, நான்கு சனிக்கிழமை உங்கள் ஊர்க் குளத்துக்கே எல்லோரையும் கூட்டிப்போவது எவ்வளவோ மேல். விடியற்காலை ஆக்சிஜனுக்குக் குளத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நான்கு பேரும் ஒரு ஆசிரியரும் போதும்.

என் தீர்ப்பு

முதல் முகாம் என்றால் குளம். யோசிக்கவே வேண்டாம். முப்பது நாற்பது பிள்ளைகளைச் சமாளிக்கவும், நாம் சொதப்பினால் ஒரு மணி நேரத்தில் வீடு திரும்பவும் அதில்தான் முடியும்.

கடலோரப் பள்ளி என்றாலோ, வேதியியல் ஆய்வகம் நன்றாக இருந்தாலோ, ஆசிரியர்களில் ஒருவர் மீனவ ஊர்க்காரர் என்றாலோ மணக்குடி. பொழிமுகத்தின் அந்த உப்புச்சரிவுக்கு ஈடாகக் குளத்தில் ஒன்றும் கிடையாது. பாறைப் பக்கத்தை அரை நாள் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.

மலை, இருபத்தைந்து பேருக்கு மேல் வேண்டாம். ஏற்கெனவே ஒரு தடவை சட்டம் போட்டு எண்ணிப் பழகிய பிள்ளைகளாக இருக்க வேண்டும். ரப்பரும் விளையும் இரண்டு நாள், காடு ஒரே ஒரு பகல், அதுவும் அனுமதிக் கடிதத்தில் சோதனைச் சாவடியின் பெயரை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு.

எதைத் தேர்ந்தாலும் காகிதங்கள் பொதுதான்: தலைமையாசிரியர் வழியாக முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதி, பெற்றோர் ஒப்புதல், பெண்பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் ஆசிரியைகள், உள்ளூர்க் காவல் நிலையத்துக்கு ஒரு தகவல். வனத்துறைக் கடிதத்துக்கு ஒரு மாதமாவது விடுங்கள்.

இடத்துக்கு முன்பணம் கொடுக்கும் முன்னால் நீங்கள் ஒருவர் மட்டும் போய் அங்கே ஒரு ராத்திரி படுத்துப் பாருங்கள். நாலு மணிக்கு எழுந்து டார்ச்சோடு களம் வரை நடங்கள். எத்தனை நிமிடம் ஆகிறது, வழியில் தெருவிளக்கு எரிகிறதா, நாய்கள் எத்தனை என்று எண்ணிக்கொண்டு வாருங்கள். எங்கள் இரண்டாவது முகாமில் பிள்ளைகள் முதலில் கணக்கெடுத்தது தேரூர்த் தெருநாய்களைத்தான்.